அதிகாலை மூன்று மணிக்கு விழிப்பவருக்கு

தேவகோட்டையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். வயது நாற்பதை ஒட்டி. பெங்களூரில் மென்பொருள் வேலையில் இருந்தவர், பெற்றோருக்கு முடியவில்லை என்று குடும்பத்தோடு ஊருக்குத் திரும்பி, பூர்வீக வீட்டின் மாடியில் உட்கார்ந்து அதே வேலையைத் தொடர்கிறார். அமெரிக்காவில் இருப்பவர்களோடு பேச வேண்டியிருப்பதால் மாலை ஆறரைக்குத் தொடங்கும் அழைப்புகள் பத்து, பத்தரை வரை ஓடுகின்றன. பெங்களூர் அடுக்குமாடி வீட்டுக்குத் தவணை பாக்கி நிற்கிறது. அப்பச்சிக்கு, அதாவது தந்தைக்கு, சர்க்கரை; ஆத்தாவுக்கு முழங்கால் வலி. அதிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் பிறகு தூக்கம் கிடையாது. சில நாள்களில் நெஞ்சை இறுக்கிப் பிடிக்கிறது. அவர் கேட்பவை மூன்று. மாத்திரை இல்லாமல் இந்த அழுத்தத்தைச் சமாளிக்க முடியுமா? இப்படி ஓடுவதில் என்ன பொருள் இருக்கிறது? நம் முன்னோர் மட்டும் எப்படி அவ்வளவு நிம்மதியாக இருந்தார்கள்?

காரைக்குடிப் பக்கம் நெடுங்காலம் பொது மருத்துவம் பார்த்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் நெஞ்சு. அந்த இறுக்கம் டென்ஷனால் வருவது என்று நீங்களே முடிவு கட்டிவிட்டீர்கள், தம்பி. அந்த முடிவை ஈசிஜி எடுக்க வேண்டும், நீங்கள் எடுக்கக் கூடாது. நாற்பது வயது, உட்கார்ந்தே பார்க்கும் வேலை, தந்தைக்குச் சர்க்கரை என்று மூன்றும் ஓரிடத்தில் சேர்ந்தால் இதயத்தைப் பார்த்துவிட்டுத்தான் மனத்துக்கு வர வேண்டும். ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு, ஹீமோகுளோபின் எல்லாவற்றையும் ஒரே காலையில் பார்த்துவிடலாம். தைராய்டு அதிகமாகச் சுரந்தால் படபடப்பும் தூக்கமின்மையும் வரும். அதை மனக்கவலை என்று நினைத்துக் கோயில் கோயிலாகச் சுற்றியவர்களை நான் பார்த்திருக்கிறேன். பலமாகக் குறட்டை விடுகிறீர்களா, நடுவில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்று உங்கள் மனைவியிடம் கேளுங்கள். அது உங்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. தூக்கத்தில் மூச்சுத் தடைபடுகிறவருக்கு எத்தனை தியானம் செய்தாலும் பகலில் சோர்வுதான். இறுக்கத்தோடு வியர்த்துக் கொட்டினாலோ, வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவினாலோ, மூச்சுப் பயிற்சியெல்லாம் செய்துகொண்டிருக்காமல் 108ஐ அழையுங்கள்.

இனி உங்கள் மூன்றாவது கேள்வி. மற்ற இரண்டுக்கும் விடை அதற்குள்தான் இருக்கிறது என்பதால் அதை முன்னால் எடுத்துக்கொள்கிறேன்.

முன்னோர் நிம்மதியாக இருந்தார்கள் என்று யார் சொன்னது? கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் ஆத்தங்குடியிலும் நிற்கிற பெரிய செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்துவிட்டு நாமே கட்டிக்கொண்ட கதை அது. பர்மாத் தேக்குத் தூண் அமைதியாகத்தான் நிற்கும். அதை அனுப்பி வைத்தவன் அமைதியாக இருந்தானா என்பது வேறு கேள்வி. மீசை அரும்பும் வயதில் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கப்பலேறி, நகரத்தார் என்கிற நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் வட்டிக்கடைகளில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, மேலாளாகி வந்தவர்கள் அவர்கள். ஒரு தவணை என்பது மூன்று ஆண்டு. கல்யாணம் முடிந்த கையோடு மனைவியை ஊரில் விட்டுப் போனவர், பிறந்த குழந்தையின் முகத்தைத் தவணை முடிந்து வந்துதான் பார்ப்பார். இங்கிருந்து போகும் கடிதம் கப்பலில் போய்ச் சேரும்போது அதில் எழுதியிருந்த காய்ச்சல் ஒன்று குணமாகியிருக்கும், அல்லது ஆளே போயிருக்கும்.

பணமும் அப்படித்தான். 1930களின் பெருமந்தத்தில் நெல் விலை சரிந்தது. அந்தக் கடைகளில் கடன் வாங்கிய பர்மிய விவசாயிகளால் திருப்பிக் கட்ட முடியவில்லை. பணத்துக்குப் பதில் நிலம் கைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் ஏறத்தாழ 6 சதவீத நிலத்துக்குச் சொந்தக்காரர்களாக இருந்த செட்டியார்கள், 1938வாக்கில் ஏறத்தாழ 25 சதவீதத்துக்குச் சொந்தக்காரர்கள். கேட்பதற்குப் பெரிய சொத்து போலத் தோன்றும். உண்மையில் அது முடங்கிப்போன பணம். நிலத்தை இழந்தவர்களின் கோபம் ஒரு பக்கம், விற்க முடியாத வயல் ஒரு பக்கம். 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் ஜப்பானியர் குண்டு போட்டார்கள். அடுத்த சில மாதங்களில் லட்சக்கணக்கான இந்தியர்கள் மலையும் காடும் கடந்து நடந்தே திரும்பினார்கள். வழியில் காலராவுக்கும் பசிக்கும் பலியானவர்கள் ஏராளம். போருக்குப் பிறகு சுதந்திர பர்மாவின் நிலச் சட்டங்கள் வந்தன; 1962இல் ராணுவ ஆட்சி வந்தது; மிச்சம் இருந்ததும் போயிற்று. நம் பக்கத்தில் பாதி கட்டி நின்றுபோன மேல்மாடிகளும், பூட்டிக் கிடக்கிற கட்டுகளும் (வீட்டின் பகுதிகளும்), கழற்றி விற்கப்பட்ட கதவு நிலைகளும் அந்த ஐந்தொகையின், அதாவது அந்தச் சொத்துக் கணக்கின், மிச்சங்கள்தான்.

இதைக்கூட நான் வட்டிக்கடைக் குடும்பங்களை வைத்துத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். செட்டிநாடு என்றாலே வீடுகளின் சொந்தக்காரர்கள் நினைவுக்கு வருகிறார்கள். அந்த வீட்டுக்குச் சுண்ணாம்பு அரைத்தவர்கள், முட்டை வெள்ளைக்கரு கலந்து சுவரைக் கண்ணாடி மாதிரி தேய்த்தவர்கள், மரம் இழைத்தவர்கள், கண்டாங்கிச் சேலை நெய்தவர்கள், வானம் பார்த்த பூமியில் ஒரு போகத்துக்குக் காத்திருந்தவர்கள் வருவதில்லை. அவர்களுக்குக் கவலை இல்லாமலா இருந்திருக்கும்? அதை யாரும் பேரேட்டில் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே அழுத்தம் புதிது என்பதை விட்டுவிடுங்கள். ஒன்று மட்டும் வேறாக இருந்தது. அவர்களுடைய அழுத்தத்துக்குக் கரை இருந்தது. தவணைக்கு முடிவு இருந்தது. முடிந்ததும் கணக்கை அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டு ஊருக்கு வந்து கொஞ்ச காலம் இருந்தார்கள்.

நாளுக்கும் ஒரு முடிவு இருந்தது. வீட்டிலிருந்தே வேலை என்பது நம் ஊருக்குப் புதிதல்ல என்று நான் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். சிங்கப்பூர் மார்க்கெட் தெருவிலும் பினாங்கிலும் இருந்த கிட்டங்கிகளை, அதாவது நகரத்தார் தங்கித் தொழில் செய்த கூடங்களை, நினைத்துப் பாருங்கள். நீண்ட கூடம். இரு பக்கமும் வரிசையாகச் சிறு மேசைப் பெட்டிகள், ஒவ்வொன்றும் ஒரு கடை. அங்கேயே தொழில், அங்கேயே சாப்பாடு, இரவானால் அந்தப் பெட்டிக்குப் பக்கத்திலேயே பாயை விரித்துத் தூக்கம். உங்கள் மாடி அறையைவிட மோசமான ஏற்பாடு. ஆனால் அன்றைய வரவு செலவை எழுதி, இருப்பைச் சரிபார்த்து, பெட்டியைப் பூட்டிய பிறகு, நள்ளிரவில் யாரும் அந்தப் பெட்டிக்குள்ளிருந்து கூப்பிட மாட்டார்கள். உங்களுடைய பெட்டி தலையணைக்குப் பக்கத்தில் கிடந்து நள்ளிரவிலும் மினுக்குகிறது. உங்கள் தொல்லையின் பாதி இதுதான் என்று நினைக்கிறேன்.

உடம்பில் என்ன நடக்கிறது என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆபத்து என்று மூளை நினைத்த மாத்திரத்தில் அட்ரினலின் சுரந்து இதயம் வேகமெடுக்கிறது. பின்னால் கார்ட்டிசால் வந்து சர்க்கரையை ரத்தத்தில் ஏற்றி உடலைத் தயார் நிலையில் வைக்கிறது. வேலை முடிந்தால் எல்லாம் இறங்கிவிடும். இது நல்ல ஏற்பாடு. தேர்வுக்கு முந்தைய வாரம் படிக்க வைப்பதும் இதுதான். முடிவு தெரியாத எதிர்பார்ப்பு இருந்தால்தான் இறங்காது. பத்தரைக்கு அழைப்பை முடித்துவிட்டு, பதினொன்றுக்குப் படுத்து, அந்த மேலதிகாரி கடைசியாகச் சொன்ன வாக்கியத்தைப் புரட்டிக்கொண்டே தூங்கினால், உடல் கீழே இறங்காமலேயே தூங்கப் போகிறது. இரவின் பிற்பகுதித் தூக்கம் இயல்பாகவே மேலோட்டமானது. விடியலை நோக்கிக் கார்ட்டிசாலும் மெல்ல ஏறத் தொடங்கும். அதனால்தான் மூன்று மணி. அந்த நேரத்துக்கென்று தனி மர்மம் ஏதும் இல்லை. படுக்கும் முன் ஒரு பெக் போட்டால் தூக்கம் வருகிறது என்று சிலர் சொல்வார்கள். வரும்; அதுவே மூன்று மணிக்கு எழுப்பியும் விடும்.

எனவே உங்களுக்கு நான் எழுதித் தரும் முதல் மருந்து ஒரு நாற்பது பக்க நோட்டு. கடைசி அழைப்பு முடிந்ததும் மேசையை விட்டு எழும் முன் அதில் எழுதுங்கள்: நாளை செய்ய வேண்டியவை, எது முதலில், யாருக்குப் பதில் பாக்கி. கவலைகளையும் எழுதலாம், ஆனால் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அடுத்து எடுக்க வேண்டிய ஒரு சிறு அடியை எழுத வேண்டும். "வீட்டுத் தவணை" என்று மொட்டையாக எழுதிவிட்டுப் படுக்கக் கூடாது. "சனிக்கிழமை வங்கியில் மீதித் தொகைக்கு அறிக்கை கேட்க வேண்டும்" என்று எழுத வேண்டும். 2018இல் அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்தில் 57 இளைஞர்களைத் தூக்க ஆய்வகத்தில் படுக்க வைத்துப் பார்த்தார்கள். படுக்கும் முன் ஐந்து நிமிடம், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிட இனிச் செய்ய வேண்டியவற்றை எழுதியவர்கள் சராசரியாக 9 நிமிடம் சீக்கிரம் தூங்கினார்கள். விரிவாக எழுதியவர்களுக்கு இன்னும் விரைவாகவே தூக்கம் வந்தது. சிறிய ஆய்வுதான், பெரிதாகக் கொண்டாட வேண்டாம். ஆனால் நோட்டுக்கும் பேனாவுக்கும் பக்கவிளைவு கிடையாது.

எழுதிய பிறகு கணினியை மூடி, அறையைப் பூட்டி, கீழே இறங்கி வாருங்கள். நம் வீடுகளுக்கு இந்த ஒரு வசதி இருக்கிறது, அடுக்குமாடிக்காரர்களுக்கு அது இல்லை: மாடியிலிருந்து இறங்கி, வளவை, அதாவது நடு முற்றத்தை, கடந்து, முகப்புத் திண்ணைக்கு வருவதற்குள் நூறு அடி நடந்துவிடுவீர்கள். போனை மாடி அறையிலேயே சார்ஜில் போட்டுவிடுங்கள். பெற்றோருக்கு இரவில் அவசரம் வந்தால் என்ன செய்வது என்பீர்கள். அவர்கள் அதே வீட்டில்தான் இருக்கிறார்கள். ஒரு குரல் கொடுத்தால் போதும்.

திண்ணையில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து மூச்சை நிதானமாக விடுங்கள். இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்கட்டும். நிமிடத்துக்கு ஐந்தாறு மூச்சு. மூச்சை வெளியே விடும்போது மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பின் வேலையால் இதயத் துடிப்பு சற்றுத் தணிகிறது. நாடியில் விரல் வைத்துப் பார்த்தால் சிலருக்குக் கையிலேயே தெரியும். இதற்கு ஆசிரமமும் வேண்டாம், ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்கும் முகாமும் வேண்டாம்.

மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் மணி பார்க்காதீர்கள். இருபது நிமிடம் போல ஆகியும் தூக்கம் வரவில்லை என்று தோன்றினால் எழுந்து வளவில் மங்கிய வெளிச்சத்தில் உட்காருங்கள். கண் சொருகும்போது மறுபடி படுங்கள். படுக்கையில் புரண்டுகொண்டே இருந்தால், படுக்கை என்றால் கவலைப்படும் இடம் என்று மூளை பழகிவிடும். காலையில் எழும் நேரத்தை மட்டும் மாற்றாதீர்கள். நான்கு மணிப் பலகாரத்தோடு குடிக்கிற காப்பியோடு அன்றைய காப்பி முடியட்டும். காப்பியில் இருக்கும் கஃபீன் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம் போல ஆகும். எட்டு மணி அழைப்புக்கு நடுவே குடிக்கிற டம்ளர் நள்ளிரவிலும் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும். நடை பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. வாரத்துக்கு 150 நிமிடம் விறுவிறுப்பான நடை என்பது உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் குறைந்த அளவு. உங்களுக்குப் பகல் ஓய்வாகத்தானே இருக்கிறது. வெயில் ஏறும் முன் ஊருணிக் கரையைச் சுற்றுங்கள்.

இனி வீட்டுக்குள்ளே. நீங்கள் எழுதாமல் விட்டதை நான் ஊகித்துச் சொல்கிறேன், தவறென்றால் தள்ளிவிடுங்கள். பெங்களூரில் தனியாக இருந்த மருமகள் இப்போது மாமியாரின் அடுப்படியில் நிற்கிறார். குழந்தை எத்தனை மணிக்குச் சாப்பிட வேண்டும், போனை எவ்வளவு நேரம் பார்க்கலாம் என்பதில் தினமும் இரண்டு கட்சி. இரண்டு கட்சியும் மாடிக்கு வந்து உங்களிடம் தீர்ப்புக் கேட்கின்றன.

இதற்கு நம் பக்கத்துப் பழைய குடும்பங்களில் ஒரு தீர்வு இருந்தது. கூட்டுக் குடும்பம் என்றால் ஒரே உலை, ஒரே பந்தி என்று இன்றைக்குத் தொலைக்காட்சித் தொடர்களைப் பார்த்து நினைக்கிறோம். நகரத்தார் வீடுகளில் மகனுக்குக் கல்யாணம் ஆகிக் கொஞ்ச காலத்தில் அவனை 'வேறு வைத்து'விடுவார்கள். வீட்டை விட்டு அனுப்புவதில்லை. அதே வளவைச் சுற்றி அவனுக்கென்று அறை, இரண்டாம் கட்டில் அவர்களுக்கென்று தனி அடுப்பு, பாத்திரம் பண்டம், வருஷத்துக்கு இவ்வளவு அரிசி பருப்பு, செலவுக்கு இவ்வளவு பணம் என்று பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். அதற்குள் குடும்பம் நடத்திக்கொள்வது புது மருமகளின் பொறுப்பு. மாமியார் தன் உலையில், மருமகள் தன் உலையில். நல்லது கெட்டது வந்தால் எல்லோருக்கும் சேர்த்துப் பெரிய அடுப்பு மூட்டப்படும். ஒரே முற்றத்தில் நான்கு குழம்பு கொதித்தது. யார் குழம்பில் எண்ணெய் அதிகம் என்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. சேர்ந்தும் இருக்கலாம், கணக்கும் தனியாக இருக்கலாம் என்பதை மனநூல் படிக்காமலே கண்டுபிடித்தவர்கள். ஒரு பெண் தன் கையில் ஒரு வரவுசெலவை வைத்து நடத்தும் பழக்கமும் இதில் வந்தது. அந்த ஆச்சிமார்களின் பணக் கணக்கில் ஒரு காசு பிசகாது என்பதை இந்தப் பக்கத்துக் கடைக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

உங்கள் வீட்டில் அந்த இரண்டாம் கட்டு சும்மாதானே கிடக்கிறது? ஒரு காஸ் அடுப்பும் குக்கரும் போட்டுக் காலைப் பலகாரத்தையாவது தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஆத்தா முதலில் வருத்தப்படுவார். தன் மாமியார் தன்னை வேறு வைத்த கதையை அவரிடமே கேளுங்கள்; பாதி வருத்தம் அதிலேயே கரையும்.

பணக் கவலையையும் இதே வழியில் பிரியுங்கள். நம் ஊரில் தூக்கத்தைக் கெடுக்கும் பணக் கவலையில் பெரும்பகுதி சாப்பாட்டுச் செலவில் வருவதில்லை. கல்யாணச் சீர், பிறர் பார்க்கும்படியான விசேஷங்கள், பங்காளிகளோடு சேர்ந்த வீட்டின் ஓடு மாற்றும் செலவு, அதில் யார் பங்கு எவ்வளவு என்கிற மனத்தாங்கல் என்று வருகிறது. எத்தனை பேருக்கு எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்று ஒரே தாளில் எழுதுங்கள். மனைவியும் அந்தத் தாளைப் பார்க்க வேண்டும். கடனை மனைவியிடம் மறைத்து வைத்திருக்கும் ஆணுக்கு நான் எந்த மூச்சுப் பயிற்சியும் சொல்லித் தருவதில்லை, பலிக்காது. நீங்கள் குடியிருக்காத பெங்களூர் வீட்டை விற்றால் கடன் எவ்வளவு குறையும் என்பதையும் அதே தாளில் எழுதிப் பாருங்கள். விற்கச் சொல்லவில்லை. எண் தெரிந்த கவலை எண் தெரியாத கவலையைவிட நன்றாகத் தூங்கவிடும்.

இப்போது பொருள் பற்றிய கேள்வி. தத்துவமாகக் கேட்டிருக்கிறீர்கள், நான் அன்றாடமாகப் பதில் சொல்கிறேன். இந்த வாரம் நீங்கள் போகாவிட்டால் யார் "ஏன் வரவில்லை?" என்று கேட்பார்கள்? அலுவலகத்தைத் தவிர.

திருமணமான ஒருவர் தம் கோயிலின் கணக்கில் ஒரு புள்ளியாக, அதாவது ஒரு தனிக் குடும்பமாக, ஏறுகிறார், அவர் பெயருக்குப் புள்ளி வரி விழுகிறது என்பது நகரத்தாரிடையே இன்றும் இருக்கும் நடைமுறை. வரியின் தொகை சில சமயம் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக் காணாது. ஆனால் சிகாகோவில் இருந்தாலும் அந்த ஆள் எங்கோ ஓர் ஊரின் எண்ணிக்கையில் இருக்கிறார். பிள்ளையார் நோன்பன்று வெளிநாட்டு நகரங்களில் இருப்பவர்கள் யார் வீட்டிலாவது கூடி இழை (நூல் திரியிட்ட மாவு) எடுத்துக்கொள்வதற்கும், தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனிக்குக் காவடியோடு நடப்பதற்கும் பக்தி ஒரு காரணம். கால் கொப்புளத்தோடு சாலையோரம் படுத்திருக்கும்போது, ஊரில் பெரிய பதவியில் இருப்பவரும் மளிகைக்கடைப் பையனும் ஒரே வரிசையில் கஞ்சிக்கு நிற்கிறார்கள். அங்கே அவர்களுடைய ஊதியத்தை யாரும் கேட்பதில்லை. கடவுள் நம்பிக்கை இல்லாதவருக்கும் இது போன்ற ஓரிடம் தேவைப்படுகிறது. 1938இல் தொடங்கி இன்றுவரை நடந்துவரும் ஹார்வர்டின் நீண்ட கால ஆய்வும் சுற்றி வளைத்து இதைத்தான் சொல்கிறது: முதுமையில் உடல்நலத்தோடும் மனநிறைவோடும் இருப்பவர்களை முன்கூட்டியே காட்டிக்கொடுப்பதில் அவர்களுடைய உறவுகளின் தரத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

பொருளுள்ள வாழ்க்கை என்றதும் நம் பக்கத்தில் வள்ளல் அழகப்பரை எடுத்துக்காட்டுவார்கள். 1947இல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கி, மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இங்கே வருவதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, கடைசியில் தாம் குடியிருந்த வீட்டையே பெண்கள் கல்லூரிக்குத் தந்தவர். 1957இல் நாற்பத்தெட்டு வயது நிறையும் முன்பே மறைந்தார். அவரை வணங்கத்தான் வேண்டும். ஆனால் மூன்று மணிக்கு விழித்துக் கிடப்பவனிடம் அவரைக் காட்டினால், தூக்கம் இல்லாததோடு தாழ்வு மனப்பான்மையும் சேரும். உங்களால் முடிவது உங்கள் தெருவிலேயே இருக்கிறது.

உங்கள் தெருவில் எத்தனை வீடுகளில் ஓர் ஆச்சி தனியாக இருக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். பிள்ளைகள் சிங்கப்பூரில், டல்லாஸில். மாதம் பிறந்தால் பணம் வந்துவிடும். ஓய்வூதியத்துக்கான உயிர்வாழ் சான்றிதழை இப்போது போனிலேயே முகத்தைக் காட்டிப் பதிவு செய்யலாம். அது தெரியாமல் நவம்பர் மாதத்தில் ஆட்டோ பிடித்து அலைகிறார்கள். வங்கியிலிருந்து பேசுகிறோம் என்று எவனாவது கேட்டால் ரகசிய எண்ணைச் சொல்லிவிடுகிறார்கள். பேரனோடு காணொளியில் பேசும்போது கேமராவைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு "முகம் தெரியலையே" என்கிறார்கள். உங்களுக்கு இதெல்லாம் பத்து நிமிட வேலை. பகலும் உங்களிடம் இருக்கிறது. ஞாயிறு காலை ஒரு மணி நேரம் முகப்பில் உட்கார்ந்து, யார் வந்தாலும் போன் சந்தேகம் தீர்க்கப்படும் என்று சொல்லிப் பாருங்கள். மூன்றாவது ஞாயிறு நீங்கள் இல்லாவிட்டால் ஆள் விட்டுக் கேட்பார்கள்.

கைவேலையும் இதில் சேரும், அதற்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். என்னிடம் ரத்த அழுத்தத்துக்கு வந்துகொண்டிருந்த ஓர் ஆச்சி, கணவர் போன பிறகு இரண்டு நாளுக்கு ஒருமுறை தலைசுற்றல் என்று கூப்பிடுவார். பிறகு சிறுவயதில் கற்ற கொட்டான் என்கிற ஓலைக்கூடை பின்னுவதைக் கையில் எடுத்தார். ஓலையைச் சீராக வகிர்ந்து, சாயத்தில் போட்டு எடுத்து, பதம் போகாமல் ஈரத்துணியில் சுற்றி வைத்துக்கொண்டு உட்காருவார். நான் போனபோது, பச்சை ஓலையையும் சிவப்பு ஓலையையும் மாற்றி மாற்றிக் கோத்துக்கொண்டிருந்த விரல் ஒரு மூலை திரும்பும் இடத்தில் நின்றது. நான்கு இழை முன்னால் ஒன்று தப்பியிருக்கிறது. முகம் சுளிக்காமல் அத்தனையும் பிரித்து மறுபடி பின்னினார். மருத்துவரையும் காக்க வைத்தார். ரத்த அழுத்தம் குறைந்துவிட்டதா என்றால், இல்லை, மாத்திரை தொடர்கிறது. ஆனால் கல்யாண வீட்டுக்கு இத்தனை கொட்டான் இன்ன தேதிக்குத் தர வேண்டும் என்று ஆனதும் தலைசுற்றலுக்குக் கூப்பிட அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. உங்கள் மென்பொருள் வேலையில் முடித்த பொருளைக் கையில் தூக்கிப் பார்க்க முடியாது என்பது ஒரு பெரிய குறை. எதையாவது ஒன்றைக் கையால் செய்யுங்கள், தோட்டமானாலும் சரி, பழைய சன்னல் கொக்கிகளைப் பழுது பார்ப்பதானாலும் சரி.

மாத்திரை இல்லாமல் முடியுமா என்று கேட்டீர்கள். மேலே சொன்னவற்றைச் செய்தும் பலன் இல்லையென்றால், அதாவது இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், பசியில்லாமல், காரணமில்லாத குற்ற உணர்வோடு, காலையில் எழவே முடியாமல் இருந்தால், அது அழுத்தத்தைத் தாண்டிய மனச்சோர்வாக இருக்கலாம். அப்போது மாத்திரை தேவைப்பட்டால் சாப்பிடுவதில் என்ன கேவலம்? அப்பச்சி சர்க்கரைக்குச் சாப்பிடவில்லையா? மனச்சோர்வு மருந்துகள் வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும்; மருத்துவரைக் கேட்காமல் நடுவில் நிறுத்தக் கூடாது. அவற்றுக்கு அடிமையாகிவிடுவோம் என்ற பயம் இடம் மாறி வந்த பயம். உண்மையில் பழக்கமாகிப் பிடித்துக்கொள்வது அல்பிரசோலம் வகைத் தூக்க மாத்திரைகள். மருந்துக்கடையில் தெரிந்தவர் என்பதற்காகச் சீட்டில்லாமல் வாங்கிப் போடுகிறார்களே, அவை. அதை மட்டும் செய்யாதீர்கள்.

செத்துவிடலாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம். 14416 என்ற எண்ணை எந்த நேரத்திலும் கட்டணமில்லாமல் அழைக்கலாம். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநல உதவிச் சேவை அது, தமிழிலும் பேசுவார்கள். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. தெரிந்தவர் பார்த்துவிடுவார் என்று மதுரைக்குப் போகிறவர்களும் உண்டு. போகட்டும், போனால் சரி.

கடைசியாக உங்கள் நிறுவனம். உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்ட நோய் வகைப்பாட்டில், வேலையால் வரும் சோர்வு நோயாகச் சேர்க்கப்படவில்லை. சமாளிக்கப்படாத பணியிட அழுத்தத்தால் வரும் பணி சார்ந்த நிலை என்றே விவரிக்கப்பட்டிருக்கிறது. பொறுப்பு முழுவதும் உங்கள் தலையில் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். நீங்கள் ஐந்து இரவும் அழைப்பில் இருக்க வேண்டிய அவசியம் உண்மையில் இருக்கிறதா என்று ஒரு வாரம் குறித்து வாருங்கள்: எந்த அழைப்பில் நீங்கள் பேசினீர்கள், எதில் வெறுமனே உட்கார்ந்திருந்தீர்கள். அந்தக் குறிப்பை வைத்துக்கொண்டு, வாரத்தில் இரண்டு இரவு எட்டு மணிக்கு மேல் வர இயலாது, அதன் குறிப்புகளைக் காலையில் படித்துப் பதில் அனுப்புகிறேன் என்று மேலதிகாரிக்கு எழுத்தில் கேளுங்கள். வாய்ச்சொல்லாகக் கேட்டால் மறந்துவிடுவார்கள். மறுத்தால், அந்தக் கடன் தாளை மறுபடி எடுத்து, இதைவிடக் குறைந்த சம்பளத்தில் பகல் வேலை ஒன்று கிடைத்தால் குடும்பம் ஓடுமா என்று மனைவியோடு உட்கார்ந்து கூட்டிப் பாருங்கள். ஆனால் ஈசிஜி அதற்கெல்லாம் முன்னால், இந்த வாரத்திலேயே.